27 வயதில் நடிப்புப் பயிற்சி தாமதமா?

வரைகலை வேலையிலிருந்து 27 வயதில் நடிப்புப் பள்ளிக்குச் செல்வது தாமதமாகிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கிலேய நடிகர் ஆலன் ரிக்மனை நினைத்துப் பாருங்கள். இலண்டனில் நண்பர்களோடு வரைகலை நிறுவனம் நடத்திவந்த அவர், 1972இல், 26 வயதில், ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட் என்ற நடிப்புப் பள்ளிக்குத் தாமே கடிதம் எழுதி, தேர்வில் வென்று மாணவரானார்; நைஜல் ஹாதார்ன், ரால்ஃப் ரிச்சர்ட்சன் ஆகிய மூத்த நடிகர்களுக்கு மேடை உடை அணிவிக்கும் உதவியாளராக இருந்து செலவைச் சமாளித்தார். அடுத்த பல ஆண்டுகள் நாடகமும் தொலைக்காட்சியுமாகவே கழிந்தன. 1985இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவின் ‘லே லியேசோன் டாஞ்சரூஸ்’ நாடகத்தில் வால்மோன் என்ற பாத்திரத்தில் நடித்துப் பெயர் பெற்று, அந்த நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குச் சென்றபோது, அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்ட பிறகே, 1988இல், 42 வயதில், அவருடைய முதல் திரைப்படமான ‘டை ஹார்ட்’ வெளிவந்தது. ஆகவே வயதை எண்ணிக் கலங்காமல், பயிற்சிக் கால வருமானத்துக்கு இப்போதே வழி தேடுங்கள். பகுதிநேரமாகவேனும் வரைகலைப் பணியைத் தொடர்வது நல்லது என்பதே என் கருத்து.