சைடுவாலைப் படிக்காமல் பிக்கப்புக்கு டயர் வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பிக்கப் வண்டிக்கு ஏடி டயர் (ஆல் டெரைன், அதாவது தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் ஓடுவது) போடுவதைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நேரே பதிலுக்குப் போகலாம்.

அண்ணா, பிக்கப்புக்கு நல்ல ஏடி டயர் எது? அவசரம். (திருப்பூர்)

எந்த வண்டி, என்ன அளவு டயர், எவ்வளவு சுமை, எந்த மாதிரி ரோடு, மாதம் எத்தனை கிலோமீட்டர்? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? காலியாக ஊட்டி போய்வரும் வண்டிக்குச் சரியான டயர், ஜல்லி ஏற்றும் வண்டியில் ஆறு மாதம் தாங்காது. ஐந்து விவரத்தையும் எழுதி அனுப்புங்கள், அன்றைக்கே பதில் தருகிறேன்.

ஹைலக்ஸ் வைத்திருக்கிறேன், 265/65 ஆர்17. வாரக் கடைசியில் வால்பாறை எஸ்டேட், மற்ற நாளெல்லாம் டவுனுக்குள். பிஎஃப் குட்ரிச் கேஓ2 போடலாமா, நம் ஊரில் தயாராகும் டயரே போதுமா? (கோவை)

வாரத்தில் ஐந்து நாள் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு 10 பிளை (பத்து அடுக்கு வலு) எல்டி டயர், அதாவது சுமை வண்டிக்கான லைட் டிரக் டயர், பெரும்பாலும் தேவைப்படாது. உங்கள் அளவில் சாதாரண டயருக்கு லோட் இண்டெக்ஸ் 112, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். எல்டி-யில் 120 வரும், 1,400 கிலோ, ஆனால் 80 பிஎஸ்ஐ காற்று இருந்தால்தான் அந்தக் கணக்கு. காலியாகப் போகும்போது பின்பக்கம் தூக்கிப் போடும், ஒவ்வொரு சக்கரத்திலும் நாலைந்து கிலோ கூடும், மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும்.

எஸ்டேட் பாதையில் ஏற்கெனவே சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) கிழிந்திருக்கிறது என்றால் கேஓ2-வின் மூன்றடுக்கு சைடுவாலுக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. கிழியவில்லை என்றால் அப்போலோ அப்டெரா ஏடி2, யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி இரண்டில் உங்கள் அளவில் எது புதுச் சரக்காகக் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது. அதிலிருந்து வெளிநாட்டு டயர் எப்போது வரும், எந்த அளவில் வரும் என்று சொல்ல முடிவதில்லை. நாளைக்கு ஒரு டயர் கிழிந்தால் அதே டயர் இன்னொன்று ஊரில் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். அமெரிக்காவில் 2024-லேயே அடுத்த மாடலான கேஓ3 வந்துவிட்டது, ஆகவே இங்கே காட்டப்படும் கேஓ2-வின் தயாரிப்புத் தேதியை இரண்டு முறை பாருங்கள்.

தேங்காய் லோடு அடிக்கிறேன். 1.2 டன் பாஸிங். பின் டயர் இரண்டும் மொட்டை. அளவு 215/75 ஆர்15. கடைக்காரர் அதே அளவில் ஜீப்புக்கு வரும் ஏடி டயர் காட்டினார், பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டை) நல்ல பெரிசாக இருக்கிறது, ஜோடிக்கு மூவாயிரம் குறைவு. அளவு ஒன்றுதானே, போட்டுவிடலாமா? (பொள்ளாச்சி)

போடாதீர்கள். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் ஒவ்வொரு கோடையிலும் இதே காரணத்தால் வெடித்த டயரை நான் கையில் எடுத்துப் பார்க்கிறேன்.

அளவு ஒன்றாக இருந்தால் ரிம்மில் உட்காரும், அவ்வளவுதான். சுமை தாங்குமா என்பதை அந்த அளவுக்குப் பின்னால் இருக்கும் எண் சொல்லும். ஜீப்புக்கு வரும் 215/75 ஆர்15-இல் 100 என்று இருக்கும், அதாவது 800 கிலோ. அதுவும் கார் போல ஓடினால். கார் ரக டயரைச் சுமை வண்டியில் போட்டால் அந்த 800-ஐ 1.1-ஆல் வகுக்க வேண்டும் என்பது டயர்க்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஆக நிஜத்தில் 730 கிலோதான். இப்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். காலி எடை ஒன்றரை டன், சுமை 1.2 டன், மொத்தம் 2.7 டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சில் விழும், 1,800 கிலோ. டயருக்கு 900. சட்டப்படி ஏற்றினாலே ஒவ்வொரு டயரிலும் 170 கிலோ அதிகம். நீங்கள் சட்டப்படிதான் ஏற்றுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு சொல்கிறேன்.

அதே அளவில் 8பிஆர் எல்டி டயரில் 106 வரும், 950 கிலோ. அதுதான் உங்கள் டயர். மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் எங்கே போகிறது என்றால் உள்ளே இருக்கும் பிளையிலும் ஸ்டீல் பெல்டிலும் ரிம்மைப் பிடிக்கும் பீடிலும் போகிறது, அது எதுவும் கடையில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது பட்டன் ஒன்றுதான், அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். (8பிஆர் என்றால் உள்ளே எட்டு அடுக்கு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், எட்டு அடுக்குக்குச் சமமான வலு என்று அர்த்தம்.)

சுமை அதிகமானால் டயர் உடனே வெடிக்காது. அங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சைடுவால் அளவுக்கு மேல் மடங்கி நிமிர்கிறது, மடங்கும் இடத்தில் சூடு ஏறுகிறது, பெல்ட்டும் ரப்பரும் ஒட்டியிருக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. மூன்று மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் ஒரு மே மாத மதியம், ரோடே அடுப்பாகக் காய்ந்து கிடக்கும்போது, 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது பட்டன் முழுக்க உரிந்து வந்துவிடும். எனக்கே நடந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்காரர் “அளவு ஒன்றுதான் தம்பி” என்று மாட்டிவிட்டார், நானும் எண்ணைப் பார்க்கவில்லை. தாராபுரம் ரோட்டில் பின் இடது டயர் உரிந்து, வண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றது. எதிரே அந்த நேரத்தில் வண்டி வரவில்லை, அதனால் இன்றைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சரியான எல்டி டயரை வாங்கிவிட்டு, பழைய பழக்கத்தில் 35 பிஎஸ்ஐ அடித்து ஓட்டுபவர்கள் பாதிப் பேர். அந்த 950 கிலோ என்பது 65 பிஎஸ்ஐ-க்குச் சொன்னது. 35-இல் அதே டயர் மூன்றில் இரண்டு பங்கு, கிட்டத்தட்ட 640 கிலோதான் தாங்கும். நல்ல டயர் வாங்கியும் ஜீப் டயரைவிட மோசமான நிலையில் ஓடுகிறீர்கள். லோடு ஏற்றுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது, மீட்டர் வைத்துப் பாருங்கள். காலால் உதைத்துப் பார்ப்பது காற்றுப் பார்ப்பது ஆகாது.

ஓவர்லோடு அடிப்பவர்களுக்கு: 2019 திருத்தச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை மாட்டினால் இரண்டு நல்ல டயரின் காசு போய்விடும்.

மேலே பதிலில் சொன்ன அதே ஹைலக்ஸ் அளவுதான் எனக்கும். 265/70 போட்டால் உயரம் கூடும் என்கிறார்கள். போடலாமா? (சேலம்)

டயரின் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803-க்குப் போகும். தரைக்கும் வண்டிக்கும் நடுவே கிடைப்பது அதில் பாதிதான், 13 மில்லிமீட்டர், ஒரு விரல் தடிமன். அதற்குப் பதிலாக ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நீங்கள் 103-க்கு மேல் போவீர்கள், மலை ஏறும்போது இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்ளே உரசவும் கூடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க வாய்ப்பும் கொடுக்கிறீர்கள். எனக்கு இதில் லாபம் தெரியவில்லை.

கிரஷருக்குப் போகும் வண்டி. புது ஏடி டயர், நாலு மாதத்தில் பட்டன் ஓரமெல்லாம் பிய்ந்து பிய்ந்து வருகிறது. டயர் மட்டமா? (கரூர்)

மட்டம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஈரமான ஜல்லியில் சக்கரம் சுழன்றால் எந்த டயரும் வெட்டுப்படும். கத்தியில் தண்ணீர் தொட்டு ரப்பரை அறுத்துப் பாருங்கள், எவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்று தெரியும், அதே கதைதான் அங்கேயும். மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்துச் சக்கரத்தைச் சுழல விடாதீர்கள், ஃபோர் வீல் இருந்தால் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறுங்கள். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகமான டயர் உங்களுக்கு ஆகாது, நெருக்கமான பெரிய கட்டைகள் உள்ளதாகப் பாருங்கள். வாரம் ஒரு முறை ஸ்க்ரூ டிரைவர் வைத்து மாட்டியிருக்கும் கல்லையெல்லாம் எடுத்துவிடுங்கள். விட்டால் கல் உள்ளே துளைத்துக்கொண்டு பெல்ட் வரை போகும், அங்கே தண்ணீர் இறங்கினால் ஸ்டீல் துருப்பிடிக்கும். ஓரம் பிய்வது பரவாயில்லை. கம்பி தெரிந்தால் அன்றே கழற்றுங்கள்.

கரிசல் மண்ணில் மழை பெய்தால் ஏடி டயர் இழுக்குமா? (கோவில்பட்டி)

இழுக்காது. பத்தடி போவதற்குள் பட்டன் இடைவெளி முழுக்க அப்பிக்கொண்டு மொட்டை டயர் ஆகிவிடும். அந்த மண்ணை உதறித் தள்ள எம்டி (மட் டெரைன், சேற்றுக்கான) டயரின் அகலமான இடைவெளி வேண்டும், ஆனால் எம்டி போட்டால் தார் ரோட்டில் சத்தம், மழையில் பிரேக் தூரம், தேய்மானம் மூன்றையும் சகிக்க வேண்டும். வருடத்தில் எத்தனை நாள் ஈரக் கரிசலில் போகிறீர்கள் என்று எண்ணுங்கள். இருபது நாளுக்குள் என்றால் ஏடி போட்டுக்கொண்டு அந்த இருபது நாள் டிராக்டரைக் கூப்பிடுவதே மேல்.

கொல்லிமலைக்கு வாரம் நாலு நடை. முன் டயர் ஓரம் மட்டும் தேய்கிறது. (நாமக்கல்)

எழுபது கொண்டை ஊசி வளைவு, ஏறி இறங்கினால் நூற்று நாற்பது. ஓரம் தேயாமல் என்ன செய்யும்? இரண்டு ஓரமும் ஒரே அளவு தேய்ந்தால் காற்றுக் குறைவு, நாலைந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள், சைடுவாலில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். உங்கள் ரோட்டுக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டயர்களை முன்பின் மாற்றுங்கள், 10,000 வரை காத்திருக்க வேண்டாம்.

ஆஃபரில் ஏடி டயர் வாங்கினேன். புதுசுதான், ஆனால் பளபளப்பு இல்லை, தேதி எங்கே பார்ப்பது? (விழுப்புரம்)

வாங்கிய பிறகு கேட்கிறீர்கள். சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஒரு பக்க சைடுவாலில்தான் முழுசாக இருக்கும், தெரியவில்லை என்றால் வண்டிக்கு அடியில் புகுந்து உள்பக்கம் பாருங்கள். சுமை வண்டிக்கு ஒரு வருடத்துக்கு மேற்பட்ட சரக்கை நான் வாங்க மாட்டேன். நாலு வருடச் சரக்கு என்றால் பில்லை எடுத்துக்கொண்டு நாளைக்கே கடைக்குப் போங்கள். பில் வாங்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பில்லில் அதையும் சரிபாருங்கள்.

மணலில் காற்றை எவ்வளவு இறக்கலாம்? (ராமநாதபுரம்)

காலி வண்டி என்றால் 18 வரை. சுமையோடு அந்தப் பக்கமே இறங்காதீர்கள். மணலை விட்டு ஏறியதும் திரும்ப அடிக்க கம்ப்ரசர் கையில் இல்லையென்றால் இறக்கவே வேண்டாம். 18 பிஎஸ்ஐ-யோடு தார் ரோட்டில் பங்க் வரை போனாலே சைடுவால் பாழாகிவிடும்.

நைட்ரஜன் அடிக்கலாமா?

அடிக்கலாம். அடிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை. மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

மலைக்கு நடுவே பனிச்செதில் போட்ட குறி உள்ள டயர்தான் உறுதியானது என்கிறார்களே?

அது பனி கொட்டும் நாட்டுக்கான குறி, நமக்குத் தேவையில்லை. ஐஎஸ்ஐ குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

பின் டயருக்கு ரீசோல் (தேய்ந்த டயர் மேல் புது ரப்பர்) போடலாமா? (திண்டுக்கல்)

எல்டி டயராக இருந்து, சைடுவாலில் வெட்டோ வீக்கமோ இல்லாமல், கம்பி தெரியும் முன்பே கழற்றியிருந்தால் பின் அச்சுக்கு ஒரு முறை போடலாம். முன்னால் ஒருபோதும் வேண்டாம். கார் ரக டயருக்கும் வேண்டாம், காரணம் பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதுதான்.

நாலு டயரும் புது எல்டி போட்டுவிட்டேன். ஸ்டெப்னிக்குப் பழைய ஜீப் டயரே கிடக்கிறது, போதும்தானே? (தேனி)

போதாது. ஸ்டெப்னி தேவைப்படும் நாள் பெரும்பாலும் லோடு இருக்கும் நாளாகத்தான் இருக்கும், அந்த நேரத்தில் 900 கிலோவை அந்தப் பழைய டயர் தலையில் வைப்பீர்கள். ஐந்தாவதும் அதே எல்டி, அதே எண். ஐந்தையும் சேர்த்து மாற்றி மாற்றி ஓட்டினால் கொடுத்த காசும் தேய்ந்து கழியும். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. இன்றைக்கு இறக்கி மீட்டர் வைத்துப் பாருங்கள், பாதிக் காற்றுகூட இருக்காது.