சுவரை மூடும் முன்

கேள்வி: மின் வயர் சுருள்கள் பாதி விலைக்குக் கிடைத்தன. செம்புதானா என்று காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நம்பலாமா?

பதில்: செம்பும் காந்தத்தில் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது. நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். எடையும் காட்டிக்கொடுக்கும்: 2.5 சதுர மி.மீ. வயர், 90 மீட்டர் சுருள் என்றால் செம்பு மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ இருக்க வேண்டும். பாதி விலைக்குத் தர அந்தக் கடைக்காரர் உங்களுக்கு மாமனா, மச்சானா?

கேள்வி: காலையில் குழைத்த பூச்சுக் கலவை இறுகியதும், கொத்தனார் மதியம் மீண்டும் தண்ணீர் ஊற்றிக் கிளறுகிறார். தவறா?

பதில்: தவறுதான். கொட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் இல்லை, நானே நின்று வீடு கட்டுகிறேன். வயரிங் செய்தவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பூச்சும் முடிந்த பிறகு, எந்தப் பிளக்குக்கும் எர்த் வயரே இல்லை என்கிறார் புதிதாக வந்தவர். சுவரை உடைக்க வேண்டுமா?

பதில்: அம்மா, முதலில் உங்களையே நொந்துகொள்வதை நிறுத்துங்கள். ஏமாற்றியவர் அவர். வயர் ஓடும் குழாய்க்குள் இடமிருந்தால், இழுகம்பி விட்டு எர்த் வயரைத் தனியாக இழுத்துவிடலாம். பல வீடுகளில் சுவரைத் தொடவே வேண்டியதில்லை. நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது உயிரை வாங்கும் குறுக்குவழி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் பொருத்தியாக வேண்டும். ஆனால் அது எர்த்துக்கு மாற்று அல்ல. புதியவரிடம் குறைகளை எழுதி வாங்குங்கள், ஒவ்வொரு பெட்டியையும் திறந்து படம் எடுங்கள். பணம் கொடுத்ததற்குச் சான்று ஏதாவது இருந்தால், நுகர்வோர் முறையீட்டில் இவை மூன்றும் பேசும்.

கேள்வி: நாளை மறுநாள் பூச்சு தொடங்குகிறது. அதற்கு முன் நான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குப் பாயசம் வைக்கலாம். பெரும்பாலோர் பூச்சு காய்ந்த பிறகுதான் எழுதுகிறார்கள். ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். அளவு நாடாவைத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் பிடித்து, எண்கள் தெரியும்படி எடுங்கள். நாடா இல்லாத படம் வெறும் செங்கல் படம். குழாய்கள் எல்லாவற்றிலும் இழுகம்பி ஓடுகிறதா என்று இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வயர் ஏற்கெனவே போட்டிருந்தால், 500 வோல்ட்டில் காப்புத் தடையை, அதாவது வயர் உறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்பதை, அளக்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் பூச்சு காத்திருக்கட்டும். "அதெல்லாம் பார்த்தாயிற்று" என்பது அளவீடு ஆகாது.

என் வீட்டில் நான் இதில் எதையும் செய்யவில்லை. அலமாரி மாட்டும் நாளில் சுவருக்குள் வயரைக் கண்டுபிடிக்கும் மலிவான கருவி ஒன்றை வாங்கினேன். அது எந்தச் சுவரைக் கண்டாலும் அலறியது. ஜன்னல் கண்ணாடியில் வைத்தபோதும் அலறியது. கடைசியில் அதை ஒதுக்கிவிட்டு என் கணிப்பை நம்பித் துளையிட்டேன். வீடு இருண்டது. அந்தக் கருவி இப்போதும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது, பேட்டரி கழற்றி.

கேள்வி: விலை குறைந்தபோது வாங்கிய சிமென்ட் ஐந்து மாதமாகத் தரையில் அடுக்கியிருக்கிறது. கட்டிகளைச் சலித்துவிட்டுப் பூச்சுக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. மூன்று மாதம் தாண்டினாலே சோதிக்காமல் தொடக்கூடாது. நீங்கள் ஈரத் தரையில் வைத்து வளர்த்திருக்கிறீர்கள். மிச்சம் பிடித்ததாக இதற்குப் பெயர் வேறு.

கேள்வி: வயர்க் குழாய் பதித்த தடம் நெடுகப் பூச்சில் விரிசல். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். கடைசித் தவணையை வெள்ளிக்கிழமை கேட்கிறார்.

பதில்: மறையும், ஒரு கோடை வரை. விரல் முட்டியால் அங்கே தட்டுங்கள். பொத்தென்று ஒலித்தால் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை. அந்த இடத்தைக் கொத்தி எடுத்து, குழாய் பதித்த காடியைக் கலவையால் இறுக நிரப்பி, மேலே கம்பி வலை அடித்து மறுபடி பூச வேண்டும். பிறகு 7 நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் வரும்போது பணத்தை வெளியே எடுக்காதீர்கள். தட்டிக் காட்டுங்கள்.