கட்டி ஓரிடம், தொல்லை வேறிடம்: கேள்வி பதில்

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஒரு வாரமாக ஓயாத தாகம், மலச்சிக்கல். நேற்று என்னைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூளைக்குப் பரவிவிட்டதா டாக்டர்?

அதையும் பார்க்க வேண்டும்தான். ஆனால் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்குமோ என்பதுதான். ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றுவது பாராதைராய்டு ஹார்மோன். சில நுரையீரல் கட்டிகள் அதைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கும். கட்டி எலும்பைத் தொட்டே இருக்காது. அந்தப் புரதம் மட்டும் போய் எலும்பிலுள்ள கால்சியத்தைக் கரைத்து ரத்தத்தில் சேர்த்துவிடும். இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். கால்சியத்தோடு சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மால் செல் என்ற நுரையீரல் புற்றுநோய் வகை என்றால் சோடியம் இறங்கியும் இதே குழப்பம் வரும். கால்சியம்தான் காரணம் என்றால் சலைன் ஏற்றி, எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுவார்கள். பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடுவார். கால்சியம் மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் கணையத்தில் கட்டி. நான் சரியாகச் சாப்பாடு கொடுக்காததால்தான் இளைத்துப்போனார் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா. கட்டியும், அதை எதிர்க்கும் உடலும் வெளிவிடும் ரசாயனங்கள் பசியை அடக்கி, தசையையும் கரைக்கின்றன. சோறு கூடுதலாகப் போட்டால் மட்டும் இது நிற்காது. ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே இறங்கினாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். முட்டை, தயிர், பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வற்புறுத்தி ஊட்டாதீர்கள். மலம் எண்ணெய்ப் பசையாகப் போகிறதா என்று கவனியுங்கள். போனால், கணைய நொதி மாத்திரை நல்ல பலன் தரும்.

கணவருக்கு வயிற்றில் கட்டி. இடது கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. தைலம் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். காலில் ரத்தம் உறைந்திருக்கலாம். இன்றே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். மூச்சு வாங்கினால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். புற்றுநோய் ரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். பாரிஸில் ட்ரூஸோ என்ற மருத்துவர் 1865-லேயே இதை விளக்கினார். 1867-ல் தன் ரத்தக்குழாயிலேயே உறைவைக் கண்டு தனக்கும் புற்றுநோய் என்று புரிந்துகொண்டார். அந்த ஆண்டே இறந்தார்.

தங்கைக்கு 22 வயது. திடீரென்று பிதற்றல், பயம், வலிப்பு. பேய் என்று மந்திரிக்கச் சொல்கிறார்கள். டாக்டரோ சினைப்பையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்!

அந்த டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி வரும். பெரும்பாலும் புற்றுநோய் அல்லாதது. அதற்குள் நரம்புத் திசுவும் இருக்கும். அதை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் மூளையையும் தாக்கிவிடும். டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழுவினர் 2007-ல் இதைக் கண்டறிந்தார்கள். கட்டி இல்லாமலும் இந்த நோய் வரும் என்பதால் முதுகுத்தண்டு நீரையும் சோதிப்பார்கள். கட்டியை எடுத்து, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள், மாதங்கள் ஆனாலும். மந்திரிப்பில் ஒரு நாளைக்கூட இழக்காதீர்கள்.

கட்டியை எடுத்தால் இதெல்லாம் போய்விடுமா?

ஹார்மோனால் வந்தவை பெரும்பாலும் அடங்கும். நரம்பு செல்களே அழிந்திருந்தால் முழுதாகத் திரும்புவது கடினம். கட்டி திரும்ப வந்தால், பழைய தொல்லையே முதலில் தலைகாட்டலாம். ஸ்கேன் தேதி வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள்.