3060-ஆ, 4060-ஆ? பிளெண்டருக்கு என்றால் என் பதில்

வணக்கம். உங்கள் கணினியில் இருப்பது ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 450 வாட் பவர் சப்ளை. பிளெண்டர் (3டி உருவங்கள் செய்யும் மென்பொருள்) பாதி, கேம் பாதி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு வாங்குவதா 4060 வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 3060-இன் 12 ஜிபி கார்டைத்தான் சொல்வேன்.

கேம் மட்டும் என்றால் 4060 நல்ல கார்டு. வேகம் கூடுதல், மின்சாரமும் 115 வாட்தான். ஆனால் அதில் 8 ஜிபி நினைவகம். பிளெண்டரில் பெரிய டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) உள்ள காட்சியை ரெண்டர் செய்யும்போது, அதாவது இறுதிப் படமாக மாற்றும்போது, அது நிரம்பிவிட்டால், மிச்சம் கணினியின் ரேமுக்குப் போகும். வேகம் படுத்துவிடும், சில சமயம் ரெண்டரே நின்றுவிடும். உங்கள் போர்டில் இது இன்னும் உறைக்கும். கார்டும் போர்டும் தரவைப் பரிமாறும் தடங்களை லேன் என்பார்கள். 4060 பயன்படுத்துவது 8 லேன்கள்தான், பி450-இல் கிடைப்பதோ அந்த இணைப்பின் பழைய, வேகம் குறைந்த பதிப்பான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அதாவது ரேமுக்குப் போய்வரும் பாதையே பாதியாகிவிடுகிறது. 3060 முழு 16 லேனையும் எடுத்துக்கொள்ளும்.

ஒன்றில் மட்டும் கவனம்: 3060 பெயரிலேயே 8 ஜிபி கார்டும் வந்தது. அதில் கார்டின் நினைவகத்துக்குப் போகும் பாதை (பஸ்) 192 பிட்டிலிருந்து 128 ஆகக் குறைந்திருக்கிறது. கடைக்காரர் விலையைக் குறைத்துச் சொன்னால் பெட்டியில் 12 ஜிபி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பவர் சப்ளை. 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும், மொத்தக் கணினிக்கும் என்விடியா சொல்வது 550 வாட் பவர் சப்ளை. பெயர் தெரியாத 450 வாட் யூனிட்டை நம்பி இதை மாட்ட வேண்டாம். கேபினெட் விளக்குகளுக்கு ஒதுக்கிய பணத்தை நல்ல பவர் சப்ளைக்குத் திருப்புங்கள். கடைசியாக, 5600 பிராசசரில் திரைக்குப் படம் அனுப்பும் உள் கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளைக் கார்டிலேயே செருகுங்கள், போர்டில் செருகினால் திரை கருப்பாகவே இருக்கும்.