பாஸ்டன் கதை: தேவாலயத் திருமணக் காட்சியை மாற்றுங்கள்

1650-இல் பாஸ்டனில் நடக்கும் உங்கள் கதையில் போதகர் மோதிரம் மாற்றி வைக்கிறார், அப்பா மறுத்ததால் காதலர்கள் ஓடிப்போகிறார்கள், இது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் காட்சி பொருந்தாது. அங்கே குடியேறியிருந்த பியூரிட்டன்களுக்கு (சடங்குகளை ஒதுக்கி பைபிளையே பின்பற்றிய ஆங்கிலேயக் கிறிஸ்தவர்கள்) திருமணம் திருச்சபைச் சடங்கு அல்ல, குடிமை ஒப்பந்தம். போதகர் அல்ல, அரசு அதிகாரிதான் நடத்தி வைப்பார். மோதிரம் பைபிளில் இல்லாத பழக்கம் என்று ஒதுக்கினார்கள்.

அப்பா விஷயத்தில் ஓடிப்போவதைவிட நல்ல வழி இருக்கிறது. பெற்றோர் சம்மதம் கட்டாயம், சரி. ஆனால் 1641-இல் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றம் ஏற்ற உரிமைச் சட்டத்தின்படி, நியாயமில்லாமல் திருமணத்தைத் தடுக்கும் பெற்றோர்மீது பிள்ளைகள் அதிகாரிகளிடம் முறையிடலாம். உங்கள் நாயகி அப்பாவுக்கு எதிராகப் போய் நிற்கட்டும். எனக்கு அந்தக் காட்சியைத்தான் படிக்க ஆசை.

அப்புறம், பியூரிட்டன்களை உணர்ச்சியற்றவர்களாக எழுதாதீர்கள். 1630-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் வின்த்ராப்பும் இங்கிலாந்திலேயே தங்கிய மனைவி மார்கரெட்டும், திங்கள், வெள்ளி மாலை ஐந்து மணிக்கு ஒருவரையொருவர் நினைத்துக்கொள்வது என்று பேசி வைத்திருந்தார்கள். துணைமீதுள்ள அன்பு கடவுள்மீதுள்ள அன்பை மிஞ்சிவிடக்கூடாதே என்ற பயமும் பியூரிட்டன்களுக்கு இருந்தது. நாயகனின் மனப் போராட்டத்தை அங்கே வையுங்கள்.