வாசகர் கேள்வி–பதில்: லுத்தரன் வீட்டுக்கு மார்மன் மருமகள்

நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக் குடும்பம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் மகன், அங்கே ஒரு மார்மன் பெண்ணைக் கல்யாணம் செய்ய ஆசைப்படுகிறான். "அவங்களும் இயேசுவைத்தானே கும்பிடுறாங்க, என்னம்மா வித்தியாசம்?" என்கிறான். அப்படித்தானா?
– வாசகி, திருச்சி

இயேசுவைக் கும்பிடுகிறார்கள் என்பது உண்மை. சபையின் பெயரே 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'தான். 'மார்மன்' என்று அழைப்பதைத் தவிர்க்கும்படி 2018 முதல் சபைத் தலைமை கேட்டுவருகிறது. சம்பந்தி வீட்டாரோடு பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஆனால் கடவுள் யார் என்ற முதல் கேள்வியிலேயே இரு சபைகளும் பிரிந்துவிடுகின்றன. லுத்தரன் சபையின் அடிப்படை அறிக்கையான, 1530-இல் எழுதப்பட்ட அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் முதல் பிரிவு, கடவுள் ஒருவரே, அவருக்கு உடல் இல்லை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தெய்வத்தன்மை உள்ளவர்கள் என்கிறது. ஆதித் திருச்சபை வகுத்த நிசேயா விசுவாசப்பிரமாணத்தின் போதனையும் இதுவே. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை அந்தப் பிரமாணத்தை ஏற்பதில்லை. அவர்கள் போதனைப்படி பிதாவுக்கும் குமாரனுக்கும் மாம்சமும் எலும்புமான உடல் உண்டு. பரிசுத்த ஆவிக்கு ஆவி உடல் மட்டும். மூவரும் நோக்கத்தில் ஒன்றானவர்கள், ஆனால் தனித்தனி நபர்கள்.

மனிதனைப் பற்றிய போதனையும் இதிலிருந்தே வருகிறது. பூமியில் பிறப்பதற்கு முன்பே நாம் எல்லோரும் பரலோகப் பெற்றோரின் ஆவிப் பிள்ளைகளாக வாழ்ந்தோம், கீழ்ப்படிந்து நடந்தால் பிதாவைப் போலவே ஆகும் நிலைக்கு உயரலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. படைத்தவர் என்றும் படைத்தவர், படைக்கப்பட்டவன் என்றும் படைக்கப்பட்டவன் என்று நம்பும் லுத்தரனால் இதை ஏற்கவே முடியாது. மகனிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான். அவர்கள் டீ, காபி குடிப்பதில்லை என்பதெல்லாம் அப்புறம்.

வேதாகமம் ஒன்றுதானே?
– வாசகர், தஞ்சாவூர்

வேதாகமத்தோடு மார்மன் புத்தகம், கோட்பாடும் உடன்படிக்கைகளும், விலையேறப்பெற்ற முத்து என மேலும் மூன்று நூல்களும் அவர்களுக்கு வேதம்தான். சபைத் தலைவரைத் தீர்க்கதரிசியாக ஏற்பதால், வெளிப்பாடு இன்னும் தொடர்கிறது என்று நம்புகிறார்கள். லுத்தரன் சபையில் போதகர், பிஷப், ஏன், லுத்தர் எழுதிய ஞானோபதேசம்கூட வேதாகமத்துக்குக் கீழ்தான்.

குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர் அந்தச் சபையில் சேர்ந்தால் மறுபடியும் பெற வேண்டுமா? அங்கிருந்து திரும்பி வந்தால்?
– வாசகர், தரங்கம்பாடி

அங்கே சேர்ந்தால் மறுபடி பெறத்தான் வேண்டும். திரும்பி வந்தால் வேண்டாம், குழந்தையில் பெற்ற லுத்தரன் ஞானஸ்நானமே போதும்; அங்கே மட்டும் பெற்றவர் நம் சபைக்கு வந்தால்தான் மறுபடி பெற வேண்டும்.

லுத்தரன் முறையில் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னால் போதும். பச்சைக் குழந்தை உயிருக்குப் போராடினால், போதகர் வரும்வரை காத்திருக்காமல் எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம். ஜென்ம பாவத்தோடு பிறக்கும் குழந்தைக்கும் கிருபை தேவை என்பதும், செயல்படுவது தண்ணீரோடு சேர்ந்த கடவுளின் வார்த்தை என்பதும் இதன் அடிப்படை.

அவர்களோ ஆதாமின் பாவத்துக்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல என்கிறார்கள். அதனால் 8 வயதுக்கு முன் ஞானஸ்நானம் கிடையாது. கொடுப்பவருக்கு அவர்கள் சபையின் ஆசாரியத்துவ அதிகாரம் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள். முழங்கையோ, முடியின் நுனியோ, உடுப்பின் ஓரமோ தண்ணீருக்கு மேலே தெரிந்துவிட்டால் திரும்பவும் முழுக்க வேண்டும். சொல்ல வேண்டிய வாசகம் பிசகினாலும் அப்படியே. அந்த அதிகாரம் நம் போதகருக்கு இல்லை என்பதால் நம் ஞானஸ்நானம் அங்கே செல்லாது.

அவர்களும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்றே சொல்லி முழுக்குகிறார்கள். இருந்தும் லுத்தரன் சபைகள் பொதுவாக அதை ஏற்பதில்லை. அந்த மூவரைப் பற்றிய போதனையே வேறு என்பதுதான் காரணம்.

நற்கிரியை செய்தால்தான் மோட்சம் என்கிறார்களா?
– வாசகி, நாகப்பட்டினம்

அப்படிச் சொன்னால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். கிறிஸ்துவின் பலியால் எல்லா மனிதரும் உயிர்த்தெழுவார்கள், அது இலவசம் என்றே போதிக்கிறார்கள். ஆனால் மறுமையில் உண்டு என்று அவர்கள் நம்பும் மூன்று மகிமை நிலைகளில் மிக உயர்ந்ததை அடைய ஞானஸ்நானம், ஆலயச் சடங்குகள், கட்டளைகளைக் கைக்கொள்ளுதல் எல்லாம் தேவை. நம்மால் ஆனதையெல்லாம் செய்த பின் கிருபையால் ரட்சிக்கப்படுகிறோம் என்கிறது மார்மன் புத்தகம் (2 நேபி 25:23). ரோமர் 3:28-ஐப் பிடித்து நிற்கும் லுத்தரனோ, கிரியை எதுவும் இல்லாமல் விசுவாசத்தாலேயே நீதிமானாக்கப்படுகிறோம் என்கிறார். நற்கிரியை அந்த விசுவாசத்தின் பலன். "ஆனதையெல்லாம் செய்துவிட்டேனா?" என்று ஒருவர் படுக்கையில் புரண்டு கலங்கக்கூடாது என்பதற்காகவே லுத்தர் அவ்வளவு போராடினார். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வழியில்லை.

இறந்தவர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுப்பார்களாமே? காலமான என் மாமியார் பெயரில் செய்துவிடுவார்களா?
– வாசகி, மதுரை

இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவரை ஆலயத்தில் முழுக்குவார்கள். இறந்தவரின் ஆன்மா அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. லுத்தரன் போதனையில் இதற்கு இடமே இல்லை. சொந்தக் குடும்பத்தாருக்கும் முன்னோருக்கும் மட்டுமே செய்ய வேண்டும் என்பது அந்தச் சபையின் விதி. இறந்தவர் கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவரானால், உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவினரின் சம்மதமும் வேண்டும். உங்களுக்கு விருப்பமில்லை என்றால் குடும்பத்தில் இப்போதே சொல்லிவையுங்கள்.

கல்யாணத்தை அவர்கள் ஆலயத்தில் வைத்தால் நாங்கள் உள்ளே போகலாமா?
– மீண்டும் திருச்சி வாசகி

முடியாது. ஞாயிறு ஆராதனை நடக்கும் கூடத்துக்கு யாரும் போகலாம். அங்கே திருவிருந்து அப்பமும் தண்ணீரும்தான், திராட்சரசம் கிடையாது. ஆலயம் வேறு. அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். விசுவாசம், தசமபாகம், கற்பு, மது, புகையிலை, டீ, காபி விலக்கு எல்லாவற்றையும் பற்றி இரண்டு கட்டமாக விசாரித்த பிறகே சபை உறுப்பினருக்கு அந்தச் சீட்டு கிடைக்கும்.

உங்கள் மகனுக்கும் இப்போது அங்கே முத்திரிப்புச் சடங்கு நடக்காது. சபையில் சேர்ந்து, குறைந்தது ஓராண்டு உறுப்பினராக இருந்த பிறகுதான் நித்தியத்துக்குமான அந்த இணைப்பு. நம் சபையில் திருமண உறவு மரணம் வரைக்கும்தான், உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை என்ற மத்தேயு 22:30 நினைவிருக்கும்.

ஆகவே இவர்களுக்கு நடக்கக்கூடியது பொதுக் கல்யாணம்தான். அதைக் கூடத்திலோ மண்டபத்திலோ வைத்தால் இரு வீட்டாரும் தாராளமாக உட்கார்ந்து பார்க்கலாம். முன்பெல்லாம் அமெரிக்காவில் இப்படிப் பொதுவில் மணந்த ஜோடி, ஆலயச் சடங்குக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 2019 மே மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் போதகரைக் கொண்டு நடத்த விரும்பினால், தேதி குறிக்கும் முன் அவரிடம் பேசுங்கள். பிறக்கும் பேரக்குழந்தைக்கு உடனே ஞானஸ்நானமா, 8 வயதிலா என்பதையும் மகனும் அந்தப் பெண்ணும் நிச்சயத்துக்கு முன்பே உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.