ஜெட்டித் தண்ணிய நேரா படகு லைனுக்கு குடுக்கலாமா: கேள்வி பதில்

நான் கோபிக்காரனுங்க. கொச்சியிலயும் துபாய்லயும் 14 வருஷம் படகுல பம்பு, பைப்லைன் வேலை பாத்துட்டு இப்ப ஊர்ல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கறேன். போன வாரம், ஜெட்டி பைப்புல, அதாவது படகு கட்டற மேடையில இருக்கற கொழாய்ல, ஓஸ் மாட்டி படகுக்குள்ள இருக்கற தண்ணி லைனுக்கு நேரா குடுக்கலாமான்னு கேட்ட ஒருத்தருக்கு ஃபோன்ல பதில் சொல்லப்போயி வரிசையா கேட்டுட்டே இருக்கறீங்க, அதனால எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிடறேன்.

கோயமுத்தூர்ல இருந்து: அண்ணா, நாங்க நாலு பேரு சேந்து 30 அடி கேபின் போட் ஒண்ணு வாங்கி கொச்சி போல்காட்டில நிறுத்தியிருக்கறோம். பக்கத்து போட்காரரு ஜெட்டி பைப்புல ஓஸ் மாட்டி நேரா லைனுக்கு குடுத்துட்டாரு, டேங்க் நெப்பற வேலையும் இல்ல பம்பு சத்தமும் இல்ல. நாங்களும் குடுக்கலாமுங்களா?

குடுக்கலாமுங்க, படகுல ஆள் இருக்கற வரைக்கும். நம்ம மொட்டை மாடி டேங்க் 30 அடி ஒசரம்னு வெச்சா கீழ பைப்புல பிரஷரு 13 பிஎஸ்ஐ (தண்ணி அழுத்தத்தை அளக்கற அளவு) தான் வரும். படகுல இருக்கற 12 வோல்ட் குட்டிப் பம்பு 40, 45ல கட் ஆயிரும். ஜெட்டி பைப்புல 60ம் வரும், ராத்திரி யாரும் தண்ணி புடிக்காதப்ப அதுக்கு மேலயும் ஏறும். 60ன்னா கிட்டத்தட்ட 140 அடி ஒசரத்துல டேங்க் வெச்ச மாதிரி, உங்க லைன்ல இருக்கற பிளாஸ்டிக் எல்போ எத்தனை நாளைக்கு தாங்கும்?

பிரஷரு கூட ரெண்டாவதுதானுங்க. டேங்க்ல 200 லிட்டர் இருக்குது, எங்கியோ ஓஸ் கழண்டுக்குச்சுன்னு வைங்க, அந்த 200 லிட்டரு டேங்க்ல இருந்து படகோட அடிப்பள்ளத்துக்கு, பில்ஜ்னு சொல்லுவோம், அங்க எடம் மாறுது, படகு எடை ஒரு கிலோ கூட ஏறாது. ஜெட்டி ஓஸுக்கு பின்னாடி ஊரு டேங்கே நிக்குது. நிமிஷத்துக்கு 20 லிட்டர்னு கம்மியா போட்டாலே மணிக்கு 1200 லிட்டரு, நீங்க பொழுதோட பூட்டிட்டு பாலக்காடு தாண்டி வீடு வந்து சோறு தின்னு தூங்கி எந்திரிக்க 10 மணி நேரம், 12 டன் ஆயிப்போச்சு.

எனக்கே நடந்துச்சுங்க. சிங்க்குக்கு அடியில ரெண்டு கிளாம்ப் போடோணும், கை உள்ள போகலைன்னு ஒண்ணு போட்டுட்டு வந்துட்டேன். காத்தால போயி கதவைத் தொறந்தா தரைப்பலகை மெதக்குது, அதுமேல ஓனரோட ஒத்தைச் செருப்பு. இன்னொரு சாண் ஏறியிருந்தா பேட்டரி முழுகியிருக்கும். அன்னைல இருந்து படகை விட்டு எறங்கறப்ப, கடைக்கு டீ குடிக்கப் போனாலும் சரி, ஜெட்டி பைப்பை மூடிட்டுத்தான் போவேன்.

திருப்பூர்ல இருந்து: ரெகுலேட்டர் மாட்டிட்டா பிரச்சனை இல்லைங்கறாங்களே?

பாதி நெசம். 40, 45க்கு கொறைக்கற ரெகுலேட்டர் கட்டாயம் வேணும், அதை ஜெட்டி பைப்பு வாயிலயே மாட்டுங்க, அப்பத்தான் ஓஸுக்கும் பாதுகாப்பு. சில படகுல ஓஸ் மாட்டற இன்லெட்டுக்குள்ளயே இருக்கும், பாத்துட்டு வாங்குங்க. ஆனா அது வேகத்தைத்தான் அடக்கும், அளவை அடக்காது. ஓஸ் கழண்டா 40 பிஎஸ்ஐலயும் படகு நெம்பும், சித்த நேரம் சேத்தி ஆகும், அவ்வளவுதான். இத்தனை லிட்டரு போனா தானா மூடிக்கற வால்வு, டைமர் எல்லாம் கெடைக்குது, மறதிக்காரங்களுக்கு நல்லது.

பொள்ளாச்சில இருந்து: பில்ஜ் பம்பு ஆட்டோமேட்டிக்தானே, எறைச்சுத் தள்ளிராதுங்களா?

தோட்டத்து மோட்டார்ல பாக்கறீங்களே, லேபிள்ல போட்டிருக்கற தண்ணி மேல வந்து சேருதா? இதுவும் அதே கதைதான், ஒசரம், வளைஞ்ச ஓஸ், எறங்குன பேட்டரின்னு கழிச்சுட்டே வந்தா பாதி மிஞ்சினா பெருசு. போதாக்கொறைக்கு தண்ணி ஏறுனா பம்பைப் போட்டுவிடற ஃப்ளோட் சுவிட்சுல முடியும் குப்பையும் சிக்கிக்கும். அதை நம்பி பைப்பைத் தொறந்து போடாதீங்க.

ஈரோட்டுல இருந்து: ஓஸ் குடுத்தா டேங்கும் தானா நெம்பி வெண்ட் (டேங்குக்கு காத்துப் போற பைப்பு) வழியா வெளிய வழியுது, ஏனுங்க?

பம்புக்குள்ள இருக்கற செக் வால்வு, தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடறது, அது போயிருச்சு, ஜெட்டித் தண்ணி பின்னாடியே டேங்குக்குப் போகுது. கெணத்து மோட்டார்ல ஃபுட் வால்வுல கல்லு மாட்டுனா தண்ணி எறங்கிருமில்ல, அதே மாதிரித்தான். டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல வால்வு இருந்தா மூடிப் பாருங்க, வழியறது நின்னா அதேதான். பம்பு லைன்ல தனியா ஒரு செக் வால்வு போட்டாலும் போதும். ஜெட்டித் தண்ணி ஓடறப்ப பம்பு சுவிட்சை ஆஃப் பண்ணிருங்க.

கரூர்ல இருந்து: தோட்டத்து பச்சை ஓஸ் ஆகாதா?

டெக் கழுவ ஆகும், வாய்ல வெக்கற தண்ணிக்கு வேண்டாம். குடிதண்ணி ஓஸ்னே தனியா வருது. அதுவும் வெயில்ல கெடந்தா மொதல் தண்ணிய வெளிய விட்டுட்டு மாட்டுங்க.

உடுமலைல இருந்து ஒரு அக்கா: எங்க வேனை கேரவனா மாத்தியிருக்கறோம், அதுக்கும் இதேதானா?

இதேதானுங்க்கா. வேன் முழுகாது, பிளைவுட்டும் மெத்தையும் ஊறிப் போயிரும்.

மறுக்கா கோயமுத்தூர்: அப்ப நீங்க எப்படிங்ணா பண்ணுவீங்க?

ஓஸ்ல டேங்கை நெப்பிட்டு, பைப்பை மூடி, ஓஸைச் சுருட்டி ரெண்டு வாயையும் ஒண்ணோட ஒண்ணு மாட்டி எடுத்து வெச்சிருவேன், பூச்சி பூராது. டேங்கும் பொழங்கிட்டே இருந்தாத்தான் தண்ணி நாத்தம் எடுக்காது. பம்பு சத்தத்துக்கு அடியில ஒரு ரப்பர் ஷீட் போடுங்க, கொறையும்.